யாரும் ஆடாத பெட்டி

தேதி பிசகினால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2004, கார்த்திகை மாதம். அந்த வருடத்துக் கார்த்திகைத் தீபத்துக்கு அடுத்த பௌர்ணமியன்றுதான் சுனாமி வந்தது. அதனால் வருடம் மாற வழியே இல்லை. இதை 2003 என்று சாதிக்கிறவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களை நம்பாதீர்கள்.

முதல் நரையைப் பிடுங்கிவிட்டு, இரண்டாவதைப் போனால் போகிறதென்று விட்டுவிட்ட வயதுக்காரர்களே, இது உங்களுக்காக. மவுசின் வயிற்றைத் திருகித் திறந்து ரப்பர் உருண்டையை வெளியே எடுத்தவர்கள் நீங்கள். உள்ளே உருளைகளில் சுற்றியிருந்த அழுக்கை நகத்தால் சுரண்டியவர்கள். மானிட்டரைப் போட்டதும் "டங்" என்று ஒரு சத்தம் வருமே, அதன் முகத்துக்கு அருகே கையை நீட்டினால் மயிர் எழுந்து நிற்குமே, அது உங்களுக்கு நினைவிருக்கும். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் பேய்க்கதை கேட்பதுபோல் கேட்கிறார்கள்.

எங்கள் வீடு அண்ணாமலையார் கோயிலைச் சுற்றித் தேரோடும் வீதியில் இருந்தது. மாடியில் நாங்கள். கீழே சித்தப்பா, சித்தி. கீழ் முன்னறையில் சித்தப்பாவின் கம்ப்யூட்டர் சென்டர். கல்யாணப் பத்திரிகை, கம்ப்யூட்டர் ஜாதகம், பாஸ்போர்ட் போட்டோ, பரீட்சை ரிசல்ட், இவற்றுக்கு நடுவே மணிக்கணக்கில் விளையாட்டு. காலையில் சித்தி காட்டிய சாம்பிராணியும் பிரிண்டர் மையும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்து அந்த அறைக்கென்று ஒரு வாசனை இருந்தது. எங்கேயாவது பழைய ஜெராக்ஸ் கடைக்குள் நுழையும்போது இப்போதும் அதில் பாதி கிடைக்கிறது. சாம்பிராணிப் பாதிதான் கிடைப்பதில்லை.

அப்போது நான் ஒன்பதாவது. அக்கா பிளஸ் டூ.

விளையாட்டின் பெயர் வேண்டாம், நீங்கள் எல்லோரும் ஆடியதுதான். இரண்டு கட்சி, ஆளுக்கொரு துப்பாக்கி, மரப்பெட்டிகள் அடுக்கிய ஒரு பாலைவன ஊர். சென்டரில் இருந்த கம்ப்யூட்டர்களோடு, தெருவைத் தாண்டி எதிர் வீட்டு அண்ணனின் கம்ப்யூட்டரும் எங்களோடு சேர்ந்திருந்தது. அவர் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய மெஷின்தான் அந்த வீதியிலேயே வேகமானது. அவர் மாடி ஜன்னலிலிருந்து எங்கள் பால்கனி வரை ஒரு நீல ஒயரை இழுத்துக் கட்டியிருந்தோம். கரும்பு லோடு லாரி போனாலும் இடிக்காத உயரம். ஒரு லாரியை நிறுத்தி, அதன்மேல் அண்ணனே ஏறி நின்று பார்த்துதான் கட்டினார். ஒயரின் இரண்டு முனையிலும் எட்டு நூல்களை வரிசை மாறாமல் செருக வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

ஒரே ஒரு தகராறுதான். எல்லோரும் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் யாராவது ஒருவருடைய கம்ப்யூட்டர் ஆட்டத்தை நடத்த வேண்டும். மற்றவர்கள் அதற்குள் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். வேகமான மெஷின் என்பதால் நடத்துகிறவர் எப்போதும் எதிர் வீட்டு அண்ணன். நடத்துகிற மெஷினிலேயே ஆடுகிறவருக்கு எல்லாம் ஒரு கண் சிமிட்டல் முன்னதாகத் தெரியும். நாங்கள் அவரைப் பார்ப்பதற்குள் அவர் எங்களைச் சுட்டிருப்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் தோற்கிற மாதிரி ஆனால் அவருக்கு ஒரு குரல் கேட்கும்.

"அம்மா கூப்பிடறாங்க!" என்று ஜன்னலிலிருந்து கத்துவார். அடுத்த நொடி எங்கள் எல்லோர் திரையும் உறைந்துவிடும். நடத்துகிறவர் போனால் ஆட்டம் போச்சு.

"அவங்க அம்மா ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆவுது" என்றாள் அக்கா ஒரு நாள், உறைந்த திரையைப் பார்த்தபடி. அன்றைக்கு அவள் கட்சி ஜெயிக்க ஒரே ஒரு ஆளைச் சுட வேண்டியிருந்தது. "யாருமே ஆடாத மெஷின் ஒண்ணு வேணும். அதுதான் நடத்தணும்."

சென்டரின் மூலை மேசைக்கடியில் சித்தப்பாவின் முதல் கம்ப்யூட்டர் கிடந்தது. பழுப்பேறிய பெட்டி, அதன் தலையில் விற்காத பத்திரிகை மாதிரிகள். காயலான்கடைக்குப் போவதற்காகக் காத்திருந்தது. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி அக்காவிடம் இருந்தது. சிடியில் ஒரு கீறல் இருந்ததால் சட்டையின் உள்பக்கத்தால் துடைத்துத் துடைத்து அந்தப் பெட்டியில் போட்டாள். தீபாவளி முடிந்த வாரம். வெளியே அடைமழையில் நமத்த பட்டாசை யாரோ விடாமல் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஓடின.

சித்தப்பா வந்து பார்த்தார். "படம் எங்க?"

"படம் கெடயாது சித்தப்பா. எழுத்து மட்டும்தான்" என்றாள் அக்கா.

"மவுஸு?"

"அதுவும் தேவையில்ல."

"யாரு ஆடப்போறது இதுல?"

"யாரும் ஆட மாட்டாங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "யாருமே ஆடாத மெஷின்ல ஆட்டம் எப்படி குட்டி நடக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவப் போய்விட்டார்.

அந்த வாரம் நடந்ததை வரிசையாக எழுதத்தான் ஆசை. ஆனால் தோல்விகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. நெட்வொர்க் கார்டை அது கண்டுகொள்ளவே மறுத்தது. பக்கத்து மெஷினிலிருந்து வேறொரு கார்டைக் கழற்றிப் போட்டதும் உடனே சிநேகமாகிவிட்டது. ஆட்டத்தை நடத்துகிற சர்வர் நிரலை மட்டும் தனியே ஏற்றி, எத்தனை பேர், எந்த ஊர், எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் ஒரு கோப்பில் அக்கா எழுதினாள். சொந்தக் கட்சிக்காரனைச் சுட்டாலும் அடிபடும் என்பதையும் சேர்த்தாள். அது எனக்காக. ஆட்டம் ஓடியது. வெற்றி என்று எழுந்து, முறைப்படி கணக்கை மூடிவிட்டு வெளியே வந்தாள். உடனே ஆட்டம் செத்துவிட்டது. அவள் வெளியேறினால் அவள் தொடங்கி வைத்ததையும் அந்த மெஷின் மூடிவிடுகிறது.

"இதுவும் எதிர் வீட்டு அண்ணன் மாதிரிதான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த மெஷினுக்குள்ளேயே கையேடு இருந்தது. எந்தக் கட்டளையைப் பற்றிக் கேட்டாலும் பக்கம் பக்கமாகச் சொல்லும். இரண்டு சாயங்காலம் அதைப் படித்தாள். "நான் போனாலும் நீ நிற்காதே" என்று சொல்வதற்கே தனியாக ஒரு கட்டளை இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது அவள் போட்ட கூச்சலில் சித்தி கரண்டியோடு ஓடி வந்தாள்.

கடைசியாக மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றினோம். மெஷின் கிளம்பவே இல்லை. மானிட்டரை மறுபடி மாட்டிப் பார்த்தால், கீபோர்டு இல்லை, தொடர ஒரு விசையை அழுத்தவும் என்கிறது. இல்லாத கீபோர்டில் எந்த விசையை அழுத்துவது? நானும் அக்காவும் தரையில் உருண்டு சிரித்தோம். அதற்கும் ஓர் அமைப்பு இருந்தது, மாற்றியதும் சரியானது. மேசைக்கடியில் பச்சை விளக்கு மட்டும் எரிய, திரையோ விசையோ இல்லாமல் அந்தப் பழுப்புப் பெட்டி ஓட ஆரம்பித்தது. ஆட்டத்துக்குள் நுழைகிறவர்களை வரவேற்க ஒரு வரி வைக்கலாம். அக்கா ஆங்கில எழுத்தில் தமிழில் அடித்தாள்: நீ போனாலும் ஆட்டம் நடக்கும்.

முதல் சாயங்காலம் எதிர் வீட்டு அண்ணன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். கண் சிமிட்டல் இப்போது எல்லோருக்கும் ஒன்றுதான். மரப்பெட்டிக்குப் பின்னால் நான் அவரைச் சுட்டேன். மறுபடியும் சுட்டேன். மூன்றாவது முறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"அம்மா கூப்பிடறாங்க!"

அவர் போனார். எங்கள் திரைகள் உறையவில்லை. அவருடைய பெயர் மட்டும் பட்டியலிலிருந்து மறைந்தது. ஆட்டம் நடந்தது. சென்டரில் எழுந்த சத்தத்தில், பத்திரிகைக்கு எழுத்துப்பிழை பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எதிர் ஜன்னலில் அண்ணனின் தலை தெரிந்தது.

"இன்னா, இன்னும் ஆடினுதான் இருக்கீங்களா?"

"வாங்கண்ணா, எடம் காலியாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

வந்தார். அதற்குப் பிறகு அவருடைய அம்மா அவரைக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

விளையாட்டின் கதை இவ்வளவுதான். இனிமேல் வருவது அக்காவின் கதை.

அக்காவுக்கு வேலூரில் கம்ப்யூட்டர் படிக்க ஆசை. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த அப்பாவுக்கோ, அவள் உள்ளூரிலேயே படித்து வாத்தியார் வேலைக்குப் போக வேண்டும். அப்பா யார் பேச்சையும் கேட்க மாட்டார். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் தம்பி பேச்சைக் கேட்பார். தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "கம்ப்யூட்டர் படிச்சவன்லாம் சும்மா சுத்தினு இருக்கான்ணா. ரெண்டு வருசக் கூத்து. அடங்கிடும்."

கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர் சொன்னது இது. இருபது வருடம் கழித்து நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அக்கா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாள் காலை நேரே சித்தப்பாவிடம் போனாள்.

"இது எவ்ளோ நாள் நிக்காம ஓடும்னு நெனைக்கறீங்க?"

சித்தப்பாவின் மெஷின்கள் ஒரு ஜாதகம் முடிவதற்குள் இரண்டு தரம் நின்றுபோகும். அவற்றை எழுப்பி எழுப்பி அக்காவின் விரலே தேய்ந்திருந்தது. அவர் பழுப்புப் பெட்டியைப் பார்த்தார்.

"ஒரு நாள். ஜாஸ்தி போனா ரெண்டு."

"கோயில்ல திருவிழாக் கொடி ஏர்ற அன்னிக்கு ஆன் பண்றேன். பத்தாம் நாள் தீபம் பாக்கற வரைக்கும் ஒரு தரம்கூட நிக்காது. நிக்கலன்னா அப்பாகிட்ட எனக்காக நீங்க பேசணும்."

"நின்னுட்டா?"

"நின்னுட்டா வாத்தியார் வேலைக்கே போறேன். மூச்சு விட மாட்டேன்."

சித்தப்பா கை நீட்டினார். சிரித்தபடிதான் நீட்டினார். அந்தச் சிரிப்பை எத்தனையோ வருடம் ஏளனம் என்றே நினைத்திருந்தேன்.

லினக்ஸ் போல யுனிக்ஸ் வழியில் வந்தவை ஓடுகிற மெஷின்களில் ஒரு வசதி உண்டு. கடைசியாக எழுந்ததிலிருந்து எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாய் என்று கேட்டால் சொல்லும். பொய் சொல்லத் தெரியாது. ஒரு நொடி கரண்ட் போனாலும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். தேதிப் பைத்தியமான எனக்கு உலகத்திலேயே பிடித்த கட்டளை அதுதான்.

கரண்டுக்கு யுபிஎஸ் இருந்தது. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று பந்தயம் தொடங்குவதற்கு முன்பே சோதித்தோம். சித்தி அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றியபோது பிளக்கைப் பிடுங்கினோம். முதல் ஈடு இறங்கியது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஈடு ஏறியது. யுபிஎஸ்ஸின் "பீப்" நிதானமாக வந்துகொண்டிருந்தது, பிறகு படபடவென்று வேகமெடுத்தது, அப்புறம் எல்லாம் அணைந்தது. சித்தி மூடியைத் திறந்து பார்த்து, "பாதி வெந்திருக்கு" என்றாள். ஆக எங்கள் யுபிஎஸ்ஸின் திறன் ஒன்றரை ஈடு இட்லி. இதைவிடத் துல்லியமான அளவு எங்களுக்குத் தேவைப்படவில்லை.

கொடி ஏறியது. பெட்டி எழுந்தது. ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டதும் ஓடிவந்து மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டிக் கேட்பேன். ஒரு நாள், இரண்டு நாள் என்று சொன்னது. ஊர் நிரம்பிக்கொண்டே வந்தது. வீதியில் பலூன், வளையல், பொரி. சாமி வாகனம் வாசலைத் தாண்டும்போது ஆட்டத்தை விட்டு ஓடிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். எங்கள் ஆட்கள் பாலைவனத்தில் அசையாமல் நின்றுகொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் சுடக் கூடாது என்பது பேச்சு.

தேருக்கு முந்தின நாள் மதியம் தெருவில் ஏணி சாத்துகிற சத்தம் கேட்டது. மின்வாரிய ஆட்கள் குறுக்கே போகிற ஒயர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய தேர் வரும் வழியில் தலைக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. வருடா வருடம் பார்ப்பதுதான். எங்கள் நீல ஒயரைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார்.

"யாரும்மா கட்டினது இத?"

"நாங்கதான். கரும்பு லாரிக்குக்கூட இடிக்காது" என்றேன் பெருமையாக.

அவர் என்னையே பார்த்தார். "தேரோடற வீதில பொறந்துட்டு கரும்பு லாரிய அளந்தியா?"

ஊர் வரலாற்றைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பிற்பாடு தேடிப் படித்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைப் போல என்னை வெட்கப்பட வைத்தது எதிலும் இல்லை. அக்காவின் முகம் வெளுத்துப்போனதை அப்போதுதான் கவனித்தேன். அவள் ஒயரைப் பற்றி நினைக்கவில்லை.

"அண்ணே, நாளைக்கு கரண்ட்டு?"

"காலைல எடுத்தா, எல்லாத் தேரும் நெல சேர்ற வரைக்கும் கெடயாது. இதுகூடத் தெரியாதா உனுக்கு?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். வருடத்துக்கு ஒரு நாள் விசிறியோடு உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் வீதியின் தேர்த் திருவிழா. அது பெட்டிக்கும் பொருந்தும் என்று எங்கள் மூளைக்கு எட்டவில்லை. ஒன்றரை ஈடு இட்லியை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதையும் எப்படித் தாண்டுவது?

எதிர் வீட்டு அண்ணன்தான் வழி சொன்னார். "தேர் போவாத தெருல கரண்ட் இருக்கும்ல? ஓடறதோட தூக்கினு போய்டலாம்."

பெரியம்மா வீடு பின்தெருவில் இருந்தது. சாதாரண நாளில் நடந்தால் பாதி ஈடுகூட வேண்டாம். மறுநாள் காலை, முதல் தேர் கிளம்புமுன் அண்ணனின் சைக்கிள் கேரியரில் தலையணை கட்டி, அதன்மேல் பெட்டியைப் படுக்க வைத்து, டியூப் கயிற்றால் இறுக்கினோம். யுபிஎஸ் என் மடியில், நான் பாரில். சைக்கிளை அண்ணன் தள்ள, பெட்டியை அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிளக்கை உருவியதும் முதல் "பீப்".

சித்தப்பா வாசலில் நின்று பார்த்தார். உதவ வரவில்லை.

இடதுபக்கம் திரும்பினால் நாலு எட்டில் சந்து. ஆனால் வீதி முழுக்க ஜனம் வலமாக வந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளத்துக்கு எதிரே ஒரு சைக்கிள்.

"எதிர்ல வராத! சுத்தினு போ!" என்றார் ஒரு தொண்டர். ஊரே வலம் வரும்போது எங்களை மட்டும் இடம் போக விடுவார்களா? திருப்பினோம். கோயிலைப் பாதி சுற்றி மறுபக்கச் சந்து வழியாகப் போக வேண்டியதாயிற்று. பீப். பூக்கூடை, குழந்தை, நேர்த்திக்கடன் பிள்ளையைச் சுமந்த கரும்புத் தொட்டில். பீப். நெற்றி நிறைய விபூதியோடு ஓர் அம்மா அக்காவின் கையைப் பிடித்தார்.

"இன்னாடி இது, கொழந்த மாதிரி அணைச்சினு போற?"

"மெஷின்மா. நின்னுடக் கூடாது."

"ஐயோ, ஆஸ்பத்திரி மெஷின் போல!" என்றார் பக்கத்தில் ஒருவர். அப்படி நாங்கள் யாரும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். "வழி விடுங்கப்பா, உசுரு போற சமாச்சாரம்!" என்ற குரல் எங்களுக்கு முன்னால் ஓடியது. கூட்டம் பிளந்தது. யாரோ என் மடியில் இருந்த யுபிஎஸ்ஸுக்கு விபூதிகூடப் பூசிவிட்டார்கள். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

பெரியம்மா வீட்டுப் படியேறும்போது பீப் படபடக்கத் தொடங்கியது. இரண்டு தெரு தள்ளிப் போகிற தேரை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார் பெரியப்பா. அண்ணன் நேரே போய் டிவி பிளக்கை உருவி எங்களுடையதைச் செருகினார். பீப் நின்றது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"டேய், தேர்டா!" என்றார் பெரியப்பா.

"வெளிய வந்தா நேர்லயே பாக்கலாம் பெரியப்பா" என்றேன்.

மறுநாளே அதே தலையணையில் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தன் கண்ணெதிரே ஓட வேண்டும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். இப்போது வலம் வந்துதான் வந்தோம், யாரும் சொல்லாமலே. இனி என்ன, தீபம் ஒன்றுதான் பாக்கி என்று நிம்மதியாக இருந்தோம்.

தீபத்தன்று எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மலைமேல் தீபம் தெரிவதற்கு முன் வீட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கக் கூடாது. அண்ணாமலையார் ஏற்றிய பிறகுதான் நாம். ஒரு வருடம் யாரோ குளியலறை விளக்கை மறந்துவிட்டதிலிருந்து, ஒவ்வொரு சுவிட்சாகப் பார்ப்பதைச் சித்தி நிறுத்திவிட்டாள். எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறியதும், கடைசியாக மெயினையே இறக்கிவிட்டு வருவாள்.

மொட்டை மாடியில் ஊசி விழ இடமில்லை. ஊரிலிருந்து வந்த சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம். படி முழுக்க ஆள். நானும் அக்காவும் அப்பாவோடு முன்வரிசையில் கைப்பிடிச் சுவரோரம் நின்றோம். சித்தப்பா வழக்கம்போல் எல்லோருக்கும் இடம் பார்த்துக் கொடுத்துவிட்டுப் படி முகப்பில் நின்றார். வானம் ஊதா நிறத்தில் இருந்தது. மலை கரிக்கட்டியாக இருந்தது. இவ்வளவு பெரிய ஊர் மூச்சடக்கி நிற்பதை நீங்கள் ஒரு தரம் கேட்டிருக்க வேண்டும்.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. கீழே, படிக்கூண்டின் வழியாக. பீப்.

அக்கா திரும்பிச் சித்தியைப் பார்த்தாள். சித்தி கைகூப்பிக் கண்மூடி நின்றாள். மெயினை இறக்கி எத்தனை ஈடு இட்லி ஆகியிருக்கும்? அக்கா நகரப் பார்த்தாள். சுற்றிலும் சுவர்போல ஜனம். பீப், பீப் என்றிருந்தது பீபீபீ என்று மாறியது.

"சித்தப்பா!"

அவருக்கும் கேட்டிருந்தது. அந்தப் படபடப்புக்கு என்ன அர்த்தம் என்று இட்லி அன்றைக்கே அவருக்குத் தெரியும். சும்மா நின்றால் போதும், பந்தயம் அவருடையது. அவர் அக்காவைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல் முதல் சுடரைப் பார்த்தவர். திரும்பி, படியில் நின்றவர்களை இடித்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்து நடந்ததை வீதியே பார்த்தது. கும்மிருட்டில், மலையில் தீபம் தெரிவதற்கு முன், எங்கள் வீடு மட்டும் பளீரென்று எரிந்தது. டியூப்லைட், குளியலறை, சென்டர் போர்டு, எல்லாம்.

"எவன்டா அது!" என்று எதிர் மாடியிலிருந்து ஒரு குரல். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கணமே மலையுச்சியில் சுடர் எழுந்தது. அரோகரா என்று ஊர் முழங்கியது, வாணங்கள் சீறின, எல்லா வீடும் எரிந்தது, எங்கள் குற்றம் அதில் கரைந்துபோனது.

சித்தப்பா மூச்சிரைக்க மேலே வந்தார். "ஏத்திட்டாங்களா?"

"எங்கடா போன?" என்றார் அப்பா. "மொத தீபத்த விட்டுட்டு?"

"அது ஓடினு இருக்குண்ணா."

"எது?"

"பெரியவளோட மெஷின். கொடி ஏறினதுலேர்ந்து நிக்கவே இல்ல. என் சென்டர்ல ஒரு நாள் முழுசா ஓடின மெஷின் ஒண்ணு காட்டு பாக்கலாம்." அவர் சுடரைப் பார்த்துக் கும்பிட்டார். பார்வையை எடுக்காமலே சொன்னார்: "அவள வேலூருக்கு அனுப்புண்ணா. நான் சொன்னது தப்பு."

அப்பா, சித்தி விநியோகித்த பொரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "ஹாஸ்டல் சோறு இவளுக்கு ஒத்துக்குமா?" என்றார். எங்கள் வீட்டில் சரி என்பதற்கு அதுதான் வார்த்தை.

இந்த வயதில்தான் எனக்கு ஒன்று தெரிகிறது. சித்தப்பாவின் மெஷின்களை எழுப்பத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். அவள் போய்விட்டால் சென்டர் என்னவாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரெண்டு வருசக் கூத்து என்று அவர் சொன்னது கம்ப்யூட்டரைப் பற்றியே இல்லை.

2005இல் அக்கா வேலூர் போனாள். எதிர் வீட்டு அண்ணன் வேலை கிடைத்துச் சென்னை போனார். நீல ஒயரை யாரும் திரும்பக் கட்டவில்லை. நான் பத்தாம் வகுப்பு என்பதால் விளையாட்டு எனக்கும் தடை. மேசைக்கடியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பாலைவன ஊர் காலியாகக் கிடந்திருக்கும். அதை முறையாக நிறுத்துவது எப்படி என்று சித்தப்பாவுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

அந்தக் கார்த்திகையில், தேரன்று காலை, பல் தேய்த்துக்கொண்டே பால்கனிக்கு வந்தேன். கீழே வாசலில் சித்தப்பா தன் சைக்கிள் கேரியரில் தலையணையைக் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைப் படுக்க வைத்தார். யுபிஎஸ்ஸைக் கைப்பிடியில் கூடை கட்டி வைத்தார். பீப். போன வருடம் எங்கள் நீல ஒயரை இறக்கிய ஆள் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

"யாரு சார் ஆடறாங்க இதுல?"

"யாரும் ஆடல" என்றார் சித்தப்பா, கயிற்றை இறுக்கியபடி. "ஓடினு இருக்கு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். இடதுபக்கச் சந்து நாலு எட்டில் இருந்தது. அவர் வலதுபக்கம் திரும்பினார்.